சோழவரம் முதல் தீவுத்திடல் வரை: நம்ம ஊர் கார் பந்தயக் கதை

செய்யாரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினால் காஞ்சிபுரம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வரும். பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் "இங்கே கார் ரேஸ் மைதானம் இருக்கு, தெரியுமா?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "ஹூண்டாய் கம்பெனிதானே இருக்கு?" என்பார்கள். ஹூண்டாய் வருவதற்கு முன்பே, 1990-ல் திறக்கப்பட்ட மைதானம் அது. இன்றும் அங்கே பந்தயம் நடக்கிறது. ஆனால் தினமும் அந்த வழியே போகிறவர்களுக்கே தெரியவில்லை. ஒரு காலத்தில் இப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

உலகக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1894-ல் பாரிஸிலிருந்து ரூவான் நகர் வரை நடந்ததுதான் முதல் பெரிய மோட்டார் வாகனப் போட்டி. முதலில் வந்து சேர்ந்தது ஒரு நீராவி வண்டி. ஆனால் அதை ஓட்ட, கரி அள்ளிப் போட இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் முதல் பரிசு தரவில்லை. பரிசு பெட்ரோல் வண்டிகளுக்குப் போனது. பாவம் அந்த மனிதர்!

இனி நம்ம கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பல ஊர்களில் விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. இங்கிலாந்தில் அப்படிக் கிடந்த ஒன்றுதான் சில்வர்ஸ்டோன். 1950-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம் சோழவரத்திலும் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. சோழவரம் ஓடுதளம் பந்தயக்களம் ஆனது. கல்கத்தாவில் பாரக்பூர், இலங்கையில் கட்டுகுருந்த, எல்லாம் இதே கதைதான். விமானம் போனது, கார் வந்தது.

வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. ஆகவே கையில் இருந்ததை வைத்து ஓட்டினார்கள். ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு... கல்யாணத்துக்குப் போகிற அதே வண்டிகள்தான்! இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, எடையைக் குறைத்து, சைலன்சரை மாற்றிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். தெருவில் பார்க்கிற வண்டி இவ்வளவு வேகம் போகுமா என்று பார்க்க மக்கள் சோழவரத்துக்குத் திரண்டார்கள். ஓட்டியவர்களில் கோண்டல் மகாராஜா மாதிரி பெரிய இடத்து ஆட்கள் உண்டு, சொந்தப் பட்டறை வைத்திருந்தவர்களும் உண்டு. பணக்கார விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவனுக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த தூரம் குறைவு.

அந்தத் தூரத்தை இன்னும் குறைக்கப் பார்த்தவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்து, நூலை விட்டு இன்ஜினைப் பிடித்தவர். மாருதி 800 இன்ஜினை வைத்து, ஒற்றை இருக்கை கொண்ட 'ஃபார்முலா மாருதி' காரை உருவாக்கினார். கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது அந்த வகைக் காரில்தான், இதே இருங்காட்டுக்கோட்டையில். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, 2005-ல் நாராயண் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவது இடம். டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகி, ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயம் அது என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. அந்த ஆறில் ஒன்றில் உட்கார என்ன பாடுபட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியுமா?

2011 முதல் 2013 வரை நொய்டா பக்கத்தில் ஃபார்முலா ஒன் நடந்தது. இது விளையாட்டா, கேளிக்கையா, வரி யார் கட்டுவது என்ற சண்டையில் நின்றுபோனது. வந்து போனது சில நாள்தான் என்றாலும் அந்தத் தளம் அந்நிய நிறுவனத்தின் 'நிரந்தரத் தொழிலிடம்'தான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காமர்ஸ் படிப்பவர்கள் இதைத் தேடிப் படியுங்கள். எந்த நோட்ஸையும் விட நன்றாகப் புரியும் :-)

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிப் பொதுச்சாலையில் இரவுப் பந்தயம். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. வழக்கும் நடந்தது. அரசுப் பணத்தை இதில் போடலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் எங்கள் கிளாஸில் கிரிக்கெட் தவிர வேறெதுவும் பேசாதவர்கள்கூட அந்த வாரம் கார் பற்றிப் பேசினார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது கேட்கவே வேண்டாம்.

பயமும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் அனுபவசாலியான கே.இ. குமார் விபத்தில் இறந்தார். அதே ஆகஸ்டில், பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன். ஹெல்மெட், ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் இருந்தே இப்படி.

எதுவுமே இல்லாத இடத்தில்? என் பெரியம்மா மகன் ஆரணி ரோட்டில் நண்பனோடு பைக்கில் 'ரேஸ்' விட்டான். காலில் இன்னும் கம்பி இருக்கிறது. தறி மிதிக்கிற கால் அது. எட்டு மாதம் பெரியப்பா ஒற்றை ஆளாகத் தறியில் உட்கார்ந்தார். முறையாகப் பந்தயம் ஓட்ட உரிமம், உடை, டயர், மெக்கானிக் என்று ஆகும் செலவை அவனிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அப்ப நமக்கு ரோடுதான்" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2021-ல் மஹிந்திரா நிறுவனம் கார்களைச் சோதித்துப் பார்க்க 450 ஏக்கருக்கு மேல் ஒரு பெரிய ஓட்டத்தளம் திறந்தது. எங்கே? எங்கள் செய்யார் பக்கத்தில்! பந்தயம் இல்லை, சோதனைதான். வேலிக்கு உள்ளே.

அடுத்த பந்தயத்தன்று இருங்காட்டுக்கோட்டையில் இறங்கிப் பார்ப்பதாக இருக்கிறேன். பெரியம்மா மகனும் வருகிறேன் என்றிருக்கிறான். பஸ்ஸில்தான்.