ஆயா வாயில் இருந்த புத்தகம்

எங்கள் வீட்டு அலமாரியில் அட்டை போன சின்னக் குறிப்பிடம் ஒன்று இருந்தது, கேள்வி-பதிலாக அமைந்த ஞானோபதேசப் புத்தகம். உள்ளங்கை அகலம்தான். வெள்ளை நூலில் யாரோ திரும்பத் தைத்த முதுகு, ஓரமெல்லாம் பூச்சி அரித்த தாள். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அவள் பதிலை முடித்திருப்பாள். ஞாயிறு வகுப்பில் கற்றுக்கொண்டு வந்த ‘அருள்’ என்ற சொல்லை நான் சொன்னால் பிடிக்காது. “அது என்னடா அருளு? பிரியதத்தம்னு சொல்லு.”

ஞானோபதேசப் புத்தகம் எப்போதுமே இப்படி வாயில்தான் பயணம் செய்திருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களை மொழிபெயர்க்கச் செய்து நெட்டுருப் போட்டார். கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் ஆண்களையும் கூட்டி, தினம் இரண்டு வேளை சொல்லிக்கொடுத்ததை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கற்றுக்கொண்ட பையன்கள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் வீட்டில் தலைகீழ்.

அச்சு பிறகுதான் வந்தது. 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சானது. உருவாக்கியவர்கள் மூன்று தமிழர்கள்: வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ். தமிழ் எழுத்து அங்கே ஏது? தமிழை ரோமன் எழுத்தில் போட்டு, கருப்பும் சிவப்புமாக அச்சடித்தார்கள். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வந்தது, பதினாறே பக்கம். மறு வருடம் கொச்சியில் வந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ 120 பக்கம். ஆசிரியர் கேட்க மாணவர் பதில் சொல்லும் நடை. ஆயாவரை வந்து சேர்ந்தது அந்த நடைதான்.

வழியில் கடவுளின் பெயர் மாறியது. கொல்லத்தில் தம்பிரான். மதுரையில் தத்துவ போதகர் எனப்பட்ட நொபிலி காலத்தில் சர்வேசுரன். அந்தச் சர்வேசுரன் முந்நூறு வருடத்துக்கு மேல் நிலைத்துவிட்டார்.

அன்று பல ஊர்களில் சாமியாரை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் உபதேசியார் பொறுப்பு. அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். வேதியர் என்றால் உபதேசியார். பிள்ளைகளுக்குப் பாடம் எழுத எத்தனையோ பேர் உண்டு. பாடம் சொல்லுகிறவரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. அதனால் எனக்கு அவருடைய ‘தேம்பாவணி’யைவிட இந்த நூலின் மேல் கூடுதல் மரியாதை.

எங்கள் புதுச்சேரியில் சேசு சபையார் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியதுதான் சம்பா கோவில். இன்று மிஷன் வீதியில் நிற்பது அதன் பின்வந்த கட்டடம், 1791இல் அபிஷேகமானது. பழைய கோவிலுக்குள் பறையரைத் தனியே ஒதுக்கிய சுவர் ஒன்று இருந்தது. அதை வைத்து 1745இல் நடந்த தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லாரையும் படைத்தவர் ஒருவரே என்ற பதிலைச் சுவரின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒப்பித்திருப்பார்கள்.

1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். வேப்பேரியில் அது லுத்தரன் பாதிரியார் பப்ரிசியஸ் கைக்குப் போனது. கத்தோலிக்க ஊரின் அச்சு புராட்டஸ்டண்ட் புத்தகம் அடித்தது! பிறகு இங்கே மிஷன் அச்சகம் வந்து, தமிழ்ப் பக்தி நூல்கள் வரிசையாக வெளியாயின. அதில் பெரும்பங்கு துப்புயி சாமியாருடையது. 1844இல் புதுச்சேரியில் கூடிய ஆலோசனைச் சங்கம் பெண்பிள்ளைகளுக்கும் படிப்பு வேண்டும் என்றது. அதே வருடம் அவர் அதற்காகவே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு, தாசிகளுக்கல்லவா அது என்று ஊர் கேட்ட காலம். ஆயா பிறந்தது அதற்கு வெகுகாலம் பின்னால். அப்படியும் எழுத்து அவளிடம் வரவில்லை, பதில்கள் மட்டும் வந்தன.

1910இல் போப் பத்தாம் பயஸ், புத்தி தெளிந்த ஏழு வயதுப் பிள்ளைக்கே நற்கருணை கொடுக்கலாம் என்றார். அதுவரை பத்து, பன்னிரண்டு வயதாகும். புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, பால்பல் விழுந்த பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் பதில்களும் சுருங்க வேண்டியதாயிற்று.

பெரிய கலக்கம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. பூசை திருப்பலியானது. ஞானஸ்நானம் திருமுழுக்கு. இஸ்பிரீத்துசாந்து முதலில் பரிசுத்த ஆவி, பிறகு தூய ஆவி. ஞானோபதேசமே மறைக்கல்வி ஆகிவிட்டது. நல்ல தமிழ்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே வீட்டில் பாட்டியும் பேரனும் சேர்ந்து செபம் சொல்ல முடியாமல் போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சொல் மட்டுமல்ல, முறையும் மாறியது. பெல்ஜியத்தில் கார்டைன் என்பவர் தொடங்கிய இளந்தொழிலாளர் இயக்கத்தின் வழியில் மாணவர் குழுக்களும் வந்தன. அங்கே முதலில் சுற்றிலும் பார்க்க வேண்டும், பிறகு எடைபோட வேண்டும், பிறகு இறங்கிச் செய்ய வேண்டும். கேள்வி இளைஞர் பக்கம் வந்துவிட்டது.

போன மாதம் பூசை முடிந்து, பழக்கதோஷம், திருப்பலி முடிந்து, கோவில் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். பாயில் இருபது பிள்ளைகள். சொல்லிக்கொடுத்தது கல்லூரியில் படிக்கும் பெண். மடியில் வண்ணப் படம் போட்ட மறைக்கல்விப் புத்தகம். ஒரு பையன் எழுந்தான்.

“மிஸ், எங்க டைகர் செத்துப்போச்சு. அது மோட்சத்துக்குப் போகுமா?”

அவள் பக்கத்தைப் புரட்டினாள். மூடினாள். “அடுத்த வாரம் ஃபாதரைக் கேட்டுச் சொல்றேன்.”

“போன வாரமும் அதானே மிஸ் சொன்னீங்க?”