விடுதலை இறையியல்: கத்தோலிக்க ஆன்மிகமும் ஏழைகள் மீதான கடமையும்

விடுதலை இறையியல் என்பது 1960களின் பிற்பகுதியில் இலத்தீன் அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் உருப்பெற்ற சிந்தனை மரபு. ஏழைக்கு உதவுவது கிறிஸ்தவரின் கடமை என்பதில் திருச்சபைக்கு எக்காலத்திலும் ஐயம் இருந்ததில்லை. ஒருவர் ஏன் ஏழையாக இருக்கிறார் என்று கேட்பதும் அந்தக் கடமைக்குள் அடங்குமா என்பதுதான் சிக்கல். அடங்கும் என்று சொன்ன ஆயர்கள், குருக்கள், துறவியர், பொதுநிலையினர் பலர் சிறை சென்றனர், நாடு கடத்தப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். உரோமையும் அவர்களை நெடுநாள் ஐயத்துடனே பார்த்தது.

பழைய கடமை

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியா நகரை (இன்றைய துருக்கியில் உள்ளது) கடும் பஞ்சம் தாக்கியபோது, புனித பேசில் களஞ்சியங்களைப் பூட்டி வைத்திருந்த செல்வர்களைக் கண்டித்து மறையுரை ஆற்றினார். மிஞ்சிய உணவு அதைப் பூட்டி வைத்திருப்பவனுக்கு உரியதல்ல, பசித்தவனுக்கு உரியது என்பது அவர் வாதம். நோயாளர்க்கும் வழிப்போக்கர்க்கும் ஏழைகளுக்கும் ஊருக்கு வெளியே ஒரு பெரிய இல்லத்தொகுதியையும் அவர் கட்டினார். யோவான் கிறிசோஸ்தோமின் மறையுரைகளிலும் இதே குரல் கேட்கிறது.

பின்வந்த நூற்றாண்டுகளில் இந்தக் கூர்மை மழுங்கியது. கொடுப்பவரின் ஆன்ம ஈடேற்றத்துக்கு ஒரு வழி என்ற அளவில் தருமம் பார்க்கப்பட்டது. மருத்துவமனைகளும் அநாதை இல்லங்களும் இந்த எண்ணத்திலிருந்து எழுந்தவைதாம். அவற்றைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அங்கே ஏழை கை நீட்டுபவராகவே இருந்தார். அவர் வாய் திறந்து பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. அவற்றுள் முக்கியமானவர் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ். ஸ்பானியர் கைப்பற்றிய கரீபியன் தீவுகளில், பூர்வகுடி மக்களை உழைப்பாளிகளாகப் பெற்று நிலம் வைத்திருந்தவர், குருவும்கூட. 1514இல் கியூபாவில் ஒரு திருவிழா மறையுரைக்காக விவிலியத்தைப் புரட்டியபோது, சீராக்கின் ஞான நூலின் 34ஆம் அதிகாரத்தில் அவர் கண் நிலைகுத்தியது. ஏழையிடமிருந்து பறித்ததைக் கொண்டு செலுத்தும் பலியை இறைவன் ஏற்பதில்லை என்று அப்பகுதி சொல்கிறது. தான் பீடத்தில் வைக்கும் அப்பம் எங்கிருந்து வருகிறது என்று அவர் யோசித்தார். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த மக்களை விடுவித்தார். எஞ்சிய ஐம்பது ஆண்டுகளைப் பூர்வகுடிகளுக்காக வாதாடுவதில் கழித்தார். அவரிடமும் பெருங்குறை இருந்தது: பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று தொடக்கத்தில் யோசனை சொன்னவர் அவர். பின்னர் அதற்காக வருந்தி எழுதினார்.

தொழிற்புரட்சிக்குப் பின் 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடல் நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் பேசியது. ஐரோப்பிய ஆலைத் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மடல் அது. நிலமற்ற இலத்தீன் அமெரிக்கக் கூலி விவசாயியின் நிலை வேறு.

தெயாரும் வளரும் உணர்வும்

இருபதாம் நூற்றாண்டில் கத்தோலிக்கச் சிந்தனையில் உணர்வின் வளர்ச்சியைப் பற்றிப் பேசியவர்களில் முதன்மையானவர் பியேர் தெயார் த ஷர்தான் (1881–1955). பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு, தொல்லுயிரியல் அறிஞர், சீனாவில் பீக்கிங் மனிதன் ஆய்வில் பங்கு கொண்டவர். பொருளிலிருந்து உயிரும், உயிரிலிருந்து சிந்தனையும் தோன்றின. மனிதகுலம் மேலும் மேலும் ஒன்றிணைந்து ‘ஒமேகா புள்ளி’ என அவர் அழைத்த கிறிஸ்துவை நோக்கி நகர்கிறது என்பது அவர் தரிசனம். வாழ்ந்த காலத்தில் தம் முக்கிய இறையியல் நூல்களை வெளியிட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் இறந்த பின் நூல்கள் வெளிவந்தபோது, 1962இல் உரோமை அவை குறித்து எச்சரிக்கை விடுத்தது.

ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்ற ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஆவணம், மனிதகுலம் உலகை அசையாத ஒழுங்காகப் பார்ப்பதை விட்டு, வளர்ந்து மாறும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கியுள்ளது என்று ஒப்புக்கொண்டது. இது சிறிய விஷயமல்ல. உலகம் இறைவன் ஒருமுறை அமைத்து வைத்த ஒழுங்கு என்றால், பண்ணையாரும் பண்ணையாளும் அந்த ஒழுங்கின் பகுதிகள். உலகம் இன்னும் உருவாகிக் கொண்டிருக்கிறது என்றால், அந்த உறவை மாற்றுவது இறைவனின் வேலையில் பங்கெடுப்பதாகிறது.

தெயாரிடம் ஒரு வெற்றிடம் உண்டு. பல இலட்சம் ஆண்டுகளை ஒரே பார்வையில் அளப்பவருக்கு, வழியில் நசுங்கிப் போகிறவர்கள் கண்ணில் படுவது கடினம். முதல் உலகப் போரில் காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் பணியில் இருந்தவர் அவர்; துன்பத்தை அறியாதவர் அல்லர். ஆயினும் அவருடைய பரிணாமச் சித்திரத்தில் ஏழைக்கென்று தனி இடமில்லை. உருகுவே நாட்டு இயேசு சபையினரான ஹுவான் லூயிஸ் செகுந்தோ போன்றோர் தெயாரின் சிந்தனையை எடுத்துக்கொண்டு, அதைத் தம் மண்ணின் கேள்விகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அங்கிகோசில் ஒரு செங்கல்

உணர்வின் வளர்ச்சி என்பதற்கு வேறொரு பொருள் பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் பிறந்தது. ரெசிஃபே நகரில் பிறந்த கத்தோலிக்கரான பவுலோ ஃபிரெய்ரே, 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சியை நடத்தினார். பாடநூல் கிடையாது. மக்கள் அன்றாடம் புழங்கும் சொற்களே பாடம். செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலோ’ என்ற சொல்லை எடுத்து, அதன் அசைகளைப் பிரித்து, ‘த, தெ, தி, தொ, து’ என்று அடுக்கி, அவற்றைக் கலந்து புதுச் சொற்களைக் கற்றவர்களே உண்டாக்கினார்கள். கூடவே பேச்சு நடக்கும்: இந்தச் செங்கல்லைச் சுமப்பது யார்? கட்டிய வீட்டில் குடியிருப்பது யார்?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அன்றைய பிரேசிலில் வாக்குரிமை இல்லை என்பதை நினைவில் வைத்தால்தான் இந்தச் செங்கல்லின் கனம் புரியும். 300 பேர் படித்தால் 300 வாக்குகள். 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரெய்ரே சிறையில் அடைக்கப்பட்டார். பிறகு பொலிவியாவுக்கும் அங்கிருந்து சிலிக்கும் போனார்.

வறுமையைத் தலையெழுத்து என்றோ கடவுளின் சித்தம் என்றோ ஏற்கும் மனநிலையிலிருந்து, அது மனிதர் உண்டாக்கியது, மனிதர் மாற்றக்கூடியது என்று காணும் மனநிலைக்கு வருவதையே அவர் விழிப்புணர்வு பெறுதல் என்றார். ‘கொன்சியென்ட்டிசசாவ்’ என்பது அதற்கான போர்த்துகீசியச் சொல். இது படித்தவர் படிக்காதவருக்கு ஊட்டும் அறிவு அல்ல. இருவரும் சேர்ந்து உலகைப் படிப்பது. தெயாரின் வளர்ச்சி கோடிக்கணக்கான ஆண்டுகளின் கதை; ஃபிரெய்ரேயின் வளர்ச்சி ஒரு மாலை வகுப்பில் நிகழ்வது.

கல்லறைச் சுரங்கத்திலிருந்து மெதெயின் வரை

1965 நவம்பர் 16 அன்று, வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், சுமார் 40 ஆயர்கள் உரோமையின் தொமித்தில்லா கல்லறைச் சுரங்கத்தில் திருப்பலி நிறைவேற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். வீடு, உணவு, பயணம் ஆகியவற்றில் சாதாரண மக்களைப் போல வாழ்வது. பொன், வெள்ளி அணியாதிருப்பது. தம் பெயரில் வங்கிக் கணக்கு வைக்காதிருப்பது. பெரும் பட்டங்களால் அழைக்கப்படுவதை மறுப்பது என்று அதில் உறுதி கொண்டனர். இந்தக் குழுவின் உந்துவிசைகளில் ஒருவர் ரெசிஃபேயின் பேராயர் எல்தேர் கமாரா. பின்னர் அவர் பேராயர் மாளிகையை விட்டு ஒரு சிறு கோவிலின் பின்புற அறையில் குடியேறினார். ஏழைக்கு உணவளித்தால் தம்மைப் புனிதர் என்கிறார்கள், ஏழைக்கு ஏன் உணவில்லை என்று கேட்டால் கம்யூனிஸ்ட் என்கிறார்கள் என்று அவர் சொன்னதாக வழங்கும் பேச்சு, இந்த வரலாறு முழுவதற்கும் பொருந்துகிறது.

1968 ஆகஸ்டில் கொலம்பியாவின் மெதெயின் நகரில் இலத்தீன் அமெரிக்க ஆயர்களின் இரண்டாம் பொதுக்கூட்டம் நடந்தது. வறுமை அநீதியான அமைப்புகளின் விளைவு என்றும், அந்த அமைப்புகளே ஒருவகை வன்முறை என்றும் ஆயர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். விவிலியத்தைப் படித்து, தம் ஊர்ப் பிரச்சினைகளோடு சேர்த்துப் பேசும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்களுக்கு அவர்கள் ஊக்கமளித்தனர். தமிழகப் பங்குகளில் ‘அன்பியம்’ என்று அறியப்படும் குழுக்கள் இவற்றோடு உறவுள்ளவை. இங்கே அவை பெரும்பாலும் செபக் குழுக்களாகவே நின்றுவிட்டன என்ற மனக்குறையும் உண்டு.

குஸ்தாவோ குத்தியேரஸ்

மெதெயின் ஆவணங்களின் ஆக்கத்தில் பங்கு கொண்ட பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியேரஸ் (1928–2024), 1971இல் வெளியிட்ட நூலே இந்த மரபுக்குப் பெயர் தந்தது. சிறுவயதில் எலும்பு நோயால் பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். ஐரோப்பாவில் படித்துத் திரும்பி, லீமாவின் ரீமாக் பகுதியில் ஏழைகளிடையே பங்குப் பணி செய்தார்.

வறுமை என்ற ஒரே சொல்லில் மூன்று பொருள்கள் குழம்பிக் கிடப்பதை அவர் பிரித்துக் காட்டினார். பட்டினியும் நோயும் அவமானமுமான வறுமை தீமை. அதை யாரும் போற்றலாகாது. இறைவனிடம் குழந்தை போலத் திறந்த மனத்தோடு இருப்பது ஆன்மிக வறுமை. ஏழைகளோடு சேர்ந்து நின்று, முதல் வகை வறுமையை எதிர்க்கத் தானே எளிமையை ஏற்பது மூன்றாவது. இந்தப் பிரிப்பு எளிதாகத் தோன்றலாம். ஆனால் ‘ஏழைகள் பேறுபெற்றோர்’ என்று சொல்லிப் பட்டினியைப் பொறுத்துக்கொள்ளச் செய்த பிரசங்கங்களின் காலூன்றும் இடத்தையே அது அகற்றிவிட்டது.

விடுதலை இறையியல் அரசியல் மட்டுமே, அதில் செபம் இல்லை என்ற குற்றச்சாட்டு குத்தியேரஸைப் படித்தவர்களுக்கு வியப்பளிக்கும். முதலில் இறைவன் முன் மௌனமும் ஏழைகளிடையே செயலும். இறையியல் அதன் பின் வரும் இரண்டாம் படி என்பது அவர் நிலைப்பாடு. ஆன்மிகம் பற்றியும், யோபு நூலைப் பற்றியும், லாஸ் காசாஸ் பற்றியும் அவர் தனித்தனி நூல்கள் எழுதினார். லீமாவில் அவர் நிறுவிய ஆய்வு மையம் லாஸ் காசாஸின் பெயரையே தாங்குகிறது.

ரொமேரோ

1977 பிப்ரவரியில் எல் சால்வதோரின் தலைநகர் பேராயராக ஓஸ்கர் ரொமேரோ பொறுப்பேற்றபோது நிலக்கிழார்கள் நிம்மதியடைந்தனர். புத்தகப் புழு, பழமைவாதி, தொந்தரவு தரமாட்டார் என்பது கணிப்பு. மார்ச் 12 அன்று அவருடைய நண்பரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றியவருமான இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே, திருப்பலிக்குப் போகும் வழியில் ஒரு முதியவரோடும் ஒரு சிறுவனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஞாயிறன்று மறைமாவட்டம் முழுவதற்கும் பேராலயத்தில் ஒரே திருப்பலி என்று ரொமேரோ அறிவித்தார். செல்வர்கள் உட்படப் பலர் எதிர்த்தும் அவர் இணங்கவில்லை.

அதன்பின் மூன்றாண்டுகள் அவருடைய ஞாயிறு மறையுரைகள் திருச்சபையின் வானொலியில் ஒலித்தன. விவிலிய விளக்கத்தோடு, அந்த வாரம் கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் பெயர்களையும் அவர் வாசிப்பார். செய்தித்தாள்கள் அச்சிடாத பெயர்கள் அவை. 1980 மார்ச் 23 அன்று, தம் சொந்த மக்களைக் கொல்லும் கட்டளைக்குப் பணிய வேண்டாம் என்று படைவீரர்களிடம் நேரடியாகக் கேட்டார். மறுநாள் மாலை, தாம் தங்கியிருந்த புற்றுநோய் மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றுகையில் சுடப்பட்டு இறந்தார்.

உரோமையின் ஐயமும் ஏற்பும்

1979இல் மெக்சிகோவின் புவெப்லா நகரில் கூடிய ஆயர்கள் ‘ஏழைகளுக்கு முன்னுரிமை’ என்ற நிலைப்பாட்டை உறுதிசெய்தனர். முக்கிய விடுதலை இறையியலாளர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. அவர்கள் வெளியே தங்கி, உள்ளே இருந்த ஆயர்களுக்குக் குறிப்புகள் எழுதித் தந்தார்கள்.

1984இல் கர்தினால் யோசேப் ராட்சிங்கரின் தலைமையில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல், மார்க்சிய ஆய்வுமுறையை ஆராயாமல் கடன் வாங்குவதாகச் சில போக்குகளைக் கண்டித்தது. இந்தக் கண்டனத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. வர்க்கப் போராட்டம் என்ற ஒற்றைச் சட்டகத்துக்குள் விவிலியத்தை அடைத்த எழுத்துகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் படைவீரர்களும் கொலைக் குழுக்களும் ஆண்டுகொண்டிருந்த நாடுகளில் இப்படியொரு ஆவணம் யார் கையில் ஆயுதமாகும் என்பதை உரோமை போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. 1985இல் பிரேசிலின் லெயொனார்தோ போஃப் சிறிது காலம் மௌனம் காக்குமாறு பணிக்கப்பட்டார். 1986இல் வந்த இரண்டாம் அறிவுறுத்தலின் தொனி இதமானது. 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலிலேயே ஏழைகள் மீதான முன்னுரிமை அன்பைப் பேசினார்.

1989 நவம்பர் 16 அன்று, கல்லறைச் சுரங்க உடன்படிக்கையின் அதே நாளில், சான் சால்வதோரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆறு இயேசு சபையினரையும் சமையற்காரப் பெண்ணையும் அவர் மகளையும் இராணுவம் கொன்றது.

அடிப்படைச் சமூகங்கள் பரவிய அதே பத்தாண்டுகளில் ஏழைகளில் பெருந்தொகையினர் பெந்தகோஸ்து சபைகளுக்குப் போனார்கள். நோய் தீரவும் கணவனின் குடி நிற்கவும் இன்றே வழி கேட்டவர்களுக்கு, அமைப்பு மாற்றம் பற்றிய பேச்சு தொலைவாகத் தோன்றியிருக்கலாம்.

ரொமேரோவின் புனிதர் பட்ட முயற்சி பல்லாண்டுகள் தேங்கிக் கிடந்தது. மறைசாட்சி என்றால் நம்பிக்கையின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டிருக்க வேண்டும். அவரைக் கொல்லச் செய்தவர்களோ கத்தோலிக்க நாட்டில் கத்தோலிக்கராக வளர்ந்தவர்கள். எனவே இது அரசியல் கொலைதானே என்பது வாதம். ஏழைகளைக் காப்பது நம்பிக்கையிலிருந்து பிரிக்க முடியாதது என்றால் மட்டுமே அவர் மறைசாட்சி. 2015 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை அவ்வாறே ஏற்றார். 2018 அக்டோபர் 14 அன்று ரொமேரோவும் திருத்தந்தை ஆறாம் பவுலும் புனிதர்களாக அறிவிக்கப்பட்ட திருப்பலியில், ரொமேரோ சுடப்பட்டபோது அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த இடைக்கயிற்றைத் திருத்தந்தை தம் இடையில் கட்டியிருந்தார்.