நகராத விசை

போன தவணை எங்கட பீடத்துப் பழைய சஞ்சிகை ஒன்றைத் தேடி அலைந்தோம். அச்சுப் பிரதி எவரிடமும் இல்லை. ஒரு சீடிதான் மிச்சம். கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள். ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. "வைரஸ் போல" என்றான் ஒருத்தன். வைரஸ் இல்லை, அதுதான் 'தமிழ்' என்ற சொல். பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்குச் செய்த பலகையில் வேறு மொழியை அடிக்கிற கரைச்சல் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1874 இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப் பொறியில் ஆங்கில எழுத்துக்கள் மட்டும்தான். பிரெஞ்சுக்காரருக்கு அது போதாது. அவர்களுக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துக்கும் மேலே கூரை போன்ற குறி வேணும். ஒவ்வொன்றுக்கும் தனி விசை வைக்க இடமில்லை. இதற்கு வந்த தீர்வுதான் நகராத விசை. சாதாரண விசையை அடித்தால் தாள் ஓர் எழுத்தளவு நகரும். இதை அடித்தால் குறி விழும், தாள் அசையாது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தக் குறிக்குக் கீழேயே வந்து உட்காரும்.

தமிழில் எழுத்து 247. பொறியிலோ நாற்பத்துச் சொச்சம் விசைகள்தான். 1886 இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போன ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். கொம்பு, அரவு முதலியவற்றைத் தனியாகப் பிரித்தார். எழுத்தோடு ஒட்டி நிற்கும் குறிகளுக்கு நகரா விசையை வைத்தார். பொறி ஜேர்மனியில் செய்யப்பட்டது. பிரெஞ்சுக் கூரையும் எங்கட புள்ளியும் ஒரே உபாயத்தில் ஏறிய கதை இது.

பாமினி அந்தத் தட்டச்சுப் பழக்கத்தின் பிள்ளை. இடது கை வரிசையில் ய, ள, ன, க, ப என்று அதே ஒழுங்கு. ஆனால் ஒரு ஏமாற்று இருக்கு. கணினி உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் சேமிக்கும், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைஞ்சு போகும். தேடினாலும் தமிழ்ச் சொல் ஒன்றும் அகப்படாது.

1991 இல் வந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்குச் சொந்த இடம் கிடைத்தது. அதோடு ஒழுங்கும் தலைகீழானது. பொறியில் குறி முதலில், எழுத்து பிறகு. யூனிகோட்டில் எழுத்து முதலில், குறி பிறகு. 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நின்றாலும் உள்ளே ககரத்துக்குப் பின்னால்தான் இருக்கு. பாமினியிலோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே கொம்பை முதலில் அடிப்பது வழக்கம். அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் காணாது, கொம்பை இடம் மாற்றவும் வேணும். நாங்கள் முதலில் மாற்றிய பக்கத்தில் கொம்பெல்லாம் அநாதையாக நின்றது இதனால்தான்.

இரண்டு இரவு இருந்து திருத்தினோம். கடைசியில் ஆசிரியர் உரை வாசிக்கக் கூடியதாக வந்தது. எங்கட வயதுப் பிள்ளைகள் எழுதியது. அடுத்த இதழைப் பற்றி நிறையத் திட்டம் வைத்திருந்திருக்கிறார்கள்.

ஊரில் கோயில் மலர், சனசமூக நிலைய மலர், நினைவு மலர் என்று இப்படி எத்தனை சீடி கிடக்கும்? அலுமாரியைத் திறந்து பாருங்கோ. ஜே, கே, பி, ஓ என்று கண்டால் அழிச்சுப் போடாதேங்கோ.