களமும் கோட்பாடும்: தஞ்சைக் கிராம ஆய்வுகள் எழுப்பும் கேள்வி

சமூகவியல் அறிமுக நூல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் வருகின்றன. முதலில் செயற்பாட்டியம், முரண்பாட்டுக் கோட்பாடு, குறியீட்டு இடைவினையியல். பல இயல்கள் தள்ளி வினாநிரல், நேர்காணல், பங்கேற்பு உற்றுநோக்கல். கோட்பாட்டை முதலில் கற்றுவிட்டு ஆய்வுமுறையைப் பிறகு தெரிவுசெய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை இந்த வரிசையே மாணவர் மனத்தில் விதைத்துவிடுகிறது. இது திருத்தப்பட வேண்டிய பாடம். ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறார், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார் என்பதே அவர் சென்றடையும் கோட்பாட்டைப் பெருமளவு வடிவமைக்கிறது. தஞ்சை மாவட்டக் கிராமங்களைப் பற்றிய இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இது தெளிவாகும்.

ஆந்த்ரே பெத்தேல் 1961-62இல் தஞ்சை மாவட்டக் கிராமமொன்றில் களப்பணி செய்தார். ‘ஸ்ரீபுரம்’ என்பது அவ்வூருக்கு அவர் இட்ட புனைபெயர். 1965இல் வெளிவந்த ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்ற அவருடைய நூலின் சட்டகம் மாக்ஸ் வேபரிடமிருந்து வந்தது. முன்பு சாதிக்குள்ளேயே அடங்கிக் கிடந்த நிலவுடைமையும் அதிகாரமும் அதிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டன என்பது நூலின் மையக் கருத்து. நிலம் சந்தைக்கு வந்துவிட்டது. நகரத்து வேலைக்குப் போன பிராமணக் குடும்பங்கள் நிலத்தை விற்றன. ஊராட்சி மன்றமும் கட்சிகளும் அதிகாரத்தை அக்ரகாரத்துக்கு வெளியே கொண்டு சென்றன. கவனமான, நேர்மையான ஆய்வு இது. இந்தியச் சமூகவியலில் இன்றும் இதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

பெத்தேல் தங்கியது அக்ரகாரத்து வீடு ஒன்றில். பிராமணரல்லாத ஒருவருக்கு அன்று அது அரிதாகக் கிடைத்த இடம். அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஊரார் அவரை அக்ரகாரத்தோடு சேர்த்தே பார்த்தார்கள்; பிராமணரல்லாதார் தெருக்களிலும், அதைவிடக் கூடுதலாக ஆதிதிராவிடர் சேரியிலும், அவரால் அதே நெருக்கத்தோடு பழக முடியவில்லை. இதை மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார். சாதியும் வர்க்கமும் பிரிகின்றன என்ற அவருடைய முடிவை இந்த வரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். நிலத்தை விற்று வெளியேறும் தெருவிலிருந்து பார்க்கும்போது அந்தப் பிரிவு கண்முன் நடக்கிறது. சேரியிலோ அன்றும் பெரும்பாலோர் நிலமற்ற விவசாயக் கூலிகள். அங்கே பிறப்பும் உழைப்பும் கூலியும் ஒரே கோட்டில்தான் நின்றன. ஸ்ரீபுரத்துச் சேரியில் ஓராண்டு தங்கிய ஒருவர் அந்நூலுக்கு வேறு தலைப்பு வைத்திருக்கக்கூடும்.

காத்லீன் கஃப் வேறொரு வகையில் முக்கியமானவர். 1951 முதல் 1953 வரை மேற்குத் தஞ்சையில் ‘கும்பபேட்டை’, கிழக்கே ‘கிரிப்பூர்’ என்று அவர் பெயரிட்ட இரு ஊர்களில் அவர் களப்பணி செய்தார். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் இடையிலான உறவு சட்டத்தின் பேச்சாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் 1955இல் கும்பபேட்டையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஊரின் சமூக அமைப்பையும் அதன் ஒருமை குலைவதையும் விவரிக்கும் மானிடவியல் கட்டுரையே. அதே களக்குறிப்புகள் 1981இல் ஒரு பெருநூலாக வந்தபோது, உற்பத்தி முறை, உபரி, வர்க்கம் என்னும் மார்க்சியச் சொற்களில் பேசின. இடையில் மாறியது அவருடைய கோட்பாடு. குத்தகை, கூலி, நில அளவு ஆகியவற்றை முதலிலேயே விரிவாகக் குறித்துவைத்திராவிட்டால் அந்த மாற்றத்துக்குப் பிடிமானமே இருந்திருக்காது. கோட்பாடு கைவிட்ட பிறகும் மிஞ்சும் அளவுக்குக் குறிப்பெடுப்பதே களப்பணியின் தரம் என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

களத்தை விட்டுவிட்டுப் புள்ளிவிவரத்துக்குப் போனால் இந்தச் சிக்கல் தீருமா? 1897இல் தற்கொலையைச் சமூக உண்மையாக நிறுவிய எமில் துர்கைம் அரசுப் பதிவேடுகளையே நம்பினார். ஒரு மரணத்தைத் தற்கொலை என்று எழுதுவதா, விபத்து என்று எழுதுவதா என்பதை அவருக்கு முன்பே குடும்பமும் மருத்துவரும் அதிகாரியும் முடிவு செய்திருந்தார்கள். எண்ணின் பலம் மீள்பார்வையில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு தொடங்கிய கிராமக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற இருவேல்பட்டு போன்ற ஊர்கள் 1930களிலும் 1980களிலும் மறுபடி ஆராயப்பட்டன. தனியொரு களப்பணியாளருக்கு எட்டாத கால நீளம் அது.

இப்படிப் பேசினால் எல்லா முடிவும் ஆய்வாளரின் இடத்தைப் பொறுத்ததே என்றாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. பெத்தேல் தம் இருப்பிடத்தைப் பதிவு செய்ததால்தான் அவருடைய முடிவின் எல்லையை இன்று நம்மால் அளக்க முடிகிறது. நம் ஆய்வேடுகளின் முறையியல் இயலில் மாதிரியின் அளவும் அட்டவணைகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்கினார், அவர் சாதியை ஊர் எப்படித் தெரிந்துகொண்டது, எந்த வீட்டுக்குள் அவரால் போக முடியவில்லை என்ற பத்தியும் அங்கே கட்டாயமாக இடம்பெற வேண்டும். வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியும் அதிலிருந்தே கேட்கப்பட வேண்டும்.