ஓரதர்

பட்டறையில் இது ‘வால்வு’தான். ஓரதர் என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். ஓர் + அதர். அதர் என்றால் வழி. குறளிலும் வரும் பழஞ்சொல். லத்தீன் ‘வால்வா’வோ மடிப்புக் கதவின் ஒரு பலகை.

ஐஸ் மெஷினைப் பொறுத்தவரை எனக்குக் கதவுதான் பிடிக்கிறது. கட்டி உறைந்ததும் சூடான வாயுவை உள்ளே விட்டு ஐஸைக் கழற்றும் வால்வு, உறையும் நேரத்தில் இறுகச் சாத்தியிருக்க வேண்டும். உறையத் தொடங்கி 5 நிமிடம் கழித்து அதற்குள் நுழையும் குழாயைத் தொட்டுப் பாருங்கள், விரல் பத்திரம். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் குழாயைப் போலவே அதுவும் சுட்டால் கதவு ஒழுகுகிறது. கட்டி மெலிந்துதான் விழும். புதிய வால்வைப் பற்றவைக்கும்போது அதன்மேல் ஈரத்துணி சுற்ற மறந்தால், உள்ளிருக்கும் சீல் கருகி, புதிதும் ஒழுகும்.