இந்து ஃபிலிம்

இந்து ஃபிலிம்: ஒன்றிய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் உதகமண்டலத்தில் தயாரித்த கருப்பு-வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், புகைப்படத் தாள் ஆகியவற்றின் வணிகப் பெயர்.

தொடக்கம்: நிறுவனம் 1960இல் பதிவாயிற்று. பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் உற்பத்தி தொடங்கியது. குளிர்ச்சியும் தூசு குறைந்த காற்றுமே உதகையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்பர்.

தயாரிப்பு: ஜெலட்டின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டையும் புரோமைடு உப்பையும் இருட்டில் கலந்து எமல்ஷன் ஆக்குவர். அதைச் சூட்டில் வைத்திருக்கும் நேரத்தைப் பொறுத்து வெள்ளி புரோமைடு மணிகள் பெருக்கும். மணி பெருத்தால் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியுணர்திறன், கூடும். படத்தில் பொரிபொரியான தோற்றமும் கூடும். பின்பு அகன்ற அடித்தாளில் பூசி, குளிர்வித்து உறையச் செய்து, மெல்ல உலர்த்துவர். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரு பக்கமும் பூச்சு உண்டு. பூசும்போது ஒரு தூசு விழுந்தால் படத்தில் ஒரு புள்ளி; உலர்த்தும் காற்று சீராக இல்லையென்றால் பட்டை பட்டையாகக் கோடு. மூலப்பொருள் மாற்றமும் இதேபோல் வெளிப்படும். மாடு தின்ற கடுகுச் செடியின் கந்தகச் சேர்மம், அந்த மாட்டின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் தங்கி ஃபிலிமின் வேகத்தைக் கூட்டுவதை 1925இல் கோடாக் ஆய்வாளர் ஷெப்பர்டு கண்டறிந்தார். அதன்பின் ஜெலட்டினைத் தூய்மையாக்கி, கந்தகத்தை அளந்து சேர்க்கும் முறை வந்தது.

அடித்தாள் மாற்றம்: அசிடேட் தாளைக் கரைப்பானில் கரைத்து வார்ப்பர், பாலியஸ்டரை உருக்கி இரு திசையிலும் இழுப்பர். பாலியஸ்டர் எளிதில் கிழியாது, சுருங்காது. ஆனால் ஒட்டுப்பூச்சு இல்லாமல் எமல்ஷன் அதில் பிடிக்காது. உராய்வில் எழும் நிலைமின்சாரம் பொறியாகப் பாய்ந்தால், டெவலப் செய்தபின் ஃபிலிமில் மின்னல் கிளைகள்போல் கோடுகள் தெரியும். அசிடேட்டிலிருந்து பாலியஸ்டருக்கு மாறினால் பூச்சு வரிசை முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது இதனால்தான். அமெரிக்க டூபாண்ட் தொழில்நுட்பத்தில் பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்தை நிறுவனம் மேற்கொண்டது.

சுருங்காத தாள் அச்சுத் தொழிலுக்கும் தேவைப்பட்டது. திருப்பூர் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பனியன் மீது விழும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபிலிம் உண்டு. ஒன்று இம்மியளவு சுருங்கினாலும் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது.

நலிவு: 1996இல் நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. பாலியஸ்டர் திட்டத்தின் கடன்சுமை என்று சிலரும், இறக்குமதி வரிக் குறைப்பு என்று சிலரும் காரணம் கூறுகின்றனர். எது முதன்மையானது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. டிஜிட்டல் கேமராவைக் காரணமாகச் சொல்வதும் உண்டு. 1996இல் அது இந்திய ஸ்டூடியோக்களைப் பரவலாக எட்டியிராததால், அதைப் பின்னாளில் விழுந்த அடியாகக் கொள்வதே பொருந்தும்.

பிற்காலம்: 2014இல் ஊழியர்களின் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கருப்பு-வெள்ளை ஃபிலிம் உற்பத்தி இங்கிலாந்தின் இல்ஃபோர்டு, செக் நாட்டின் ஃபோமா உள்ளிட்ட சில நிறுவனங்களில் தொடர்கிறது.