ஒரே பெயரில் பல ஊர்கள்: தேடுபொறி எந்த இடத்தைக் காட்டும்?

பெங்களூரு: 'கே.ஆர்.' என்ற சுருக்கத்தில் தொடங்கும் இடங்கள் கர்நாடகத்தில் பல. கே.ஆர்.மார்க்கெட் பெங்களூருவின் பழைய பேட்டைப் பகுதியில் உள்ளது. கே.ஆர்.புரம் நகரின் கிழக்கே, சென்னை ரயில் பாதையில் உள்ளது. கே.ஆர்.பேட்டை மாண்டியா மாவட்டத்திலும், கே.ஆர்.நகர் மைசூரு மாவட்டத்திலும் உள்ளன. தேடுபவர் பெயரை அரைகுறையாக எழுதினால், அவர் நாடும் இடம் எது என்பதைக் கணினியே ஊகிக்க வேண்டியுள்ளது.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தால் மக்கள்தொகை மிகுந்ததைத் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். இயந்திரக் கற்றல் முறை, தேடுபவர் இருக்கும் இடம், உடன் எழுதிய சொற்கள், முன்பு இதே சொல்லைத் தேடியவர்கள் தேர்ந்தெடுத்த முடிவு ஆகியவற்றைச் சேர்த்து எடைபோடுகிறது. 'சேலம் மாம்பழம்' என்றால் தமிழகத்தின் சேலம். 'சேலம் ஓரிகன்' என்றால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகர்.

ஓர் இடத்துக்குப் பல பெயர்கள் இருப்பதும் சிக்கலே. 2014 நவம்பர் 1 அன்று பெங்களூரு உள்ளிட்ட 12 கர்நாடக நகரங்களின் பெயர்கள் அதிகாரபூர்வமாக மாற்றப்பட்டன. பழைய பெயர்களில் தேடுவது நிற்கவில்லை. கெம்பேகவுடா பேருந்து நிலையத்தைப் பயணிகள் இன்றும் 'மெஜஸ்டிக்' என்றே அழைக்கின்றனர். அப்பெயரைத் தந்த திரையரங்கு இப்போது இல்லை. இத்தகைய வழக்குகளை மக்களின் தேடல்களிலிருந்தே இயந்திரம் கற்க இயலும்.

தமிழில் தேடும்போது வேறொரு குழப்பமும் உண்டு. வடகர்நாடக நகரமான கதக், வடஇந்திய நடனமான கதக் ஆகிய இரண்டுக்கும் தமிழில் எழுத்து ஒன்றே. 'ரயில்' என்ற சொல் அருகில் இருந்தால்தான் நகரம் என்பது தெளிவாகும்.

பெங்களூருவைச் சேர்ந்த மிந்த்ரா நிறுவன ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, ஒழுங்கற்ற முகவரிகளை நகரின் உட்பகுதிவாரியாகப் பிரிப்பதை ஆராய்ந்தது. ஏராளமான முகவரிகளைக் கொண்டு பயிற்றுவித்த மொழி மாதிரி சுமார் 90 சதவீதத் துல்லியத்தை எட்டியது. மீதமுள்ள 10 சதவீதம் பொட்டலத்துக்குத் தாமதம் மட்டுமே. ஆம்புலன்ஸுக்கு அவ்வாறு அல்ல.

பலர் தேடும் இடத்தையே இயந்திரம் முதலில் கற்பதால், பெரிய ஊரின் பெயரைக் கொண்ட சிற்றூர் பின்தள்ளப்படுகிறது. பெயரையே நம்பாத மாற்றுவழியாக, அஞ்சல் துறை 2025-ல் டிஜிபின் முறையை அறிமுகப்படுத்தியது. இதில் நாட்டின் ஒவ்வொரு 4 மீட்டர் சதுரத்துக்கும் 10 எழுத்து-எண் கொண்ட குறியீடு உண்டு.